ஏழாம் அத்தியாயம்: தன் சரக்குக்குத் தானே துபாஷி

புதுச்சேரி நகரத்தின் நடுவே, நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடைப்பட்டு, மகாத்மா காந்தி வீதியை ஒட்டி அமைந்திருக்கும் பெரிய மார்க்கெட்டுக்குக் காலை வேளையில் ஒருமுறை சென்று வந்தவர்களுக்கு, வியாபாரம் என்பது முதலாவதாகக் குரலின் தொழில் என்பது விளங்கியிருக்கும். மீன்கூடையை இறக்கிய கையோடு விலை கூறும் பெண்களும், முழம் அளந்துகொண்டே போகிறவர் முகத்தைப் பார்த்து அழைக்கும் பூக்காரம்மாக்களும், எந்தச் சொல்லை எவர் காதில் எந்த நேரத்தில் போட வேண்டும் என்பதை எந்தக் கலாசாலையிலும் படிக்காமலே அறிந்தவர்கள். இணையத்தின் வழியாக வியாபாரத்தை விருத்தி செய்துகொள்ளும் உபாயங்களைச் சொல்ல வந்த இந்நூல், கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு இந்தச் சந்தையை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம், விளம்பரத்தின் மூல தத்துவத்தை இங்கே பிரத்தியட்சமாகக் காணலாம் என்பதுதான்.

சந்தைக்கு அருகில், தம் பெயராலேயே வழங்கும் வீதியில், ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. 1709-இல் பிறந்து 1761-இல் மறைந்த அவர், கவர்னர் துய்ப்ளேக்ஸின் காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கியவர். 1736 முதல் கால் நூற்றாண்டுக் காலம் எழுதிவந்த தினசரியில் கப்பல் வரவையும் வர்த்தகர் வழக்கையும் ஊர் நடப்பையும் விடாமல் குறித்து வைத்தவர். துபாஷி என்பதற்கு இரு பாஷை அறிந்தவர் என்பது சொற்பொருள். ஆனால் சொல்லை மட்டும் பெயர்த்துச் சொல்வது அந்த உத்தியோகத்தின் பாதிதான். கடல் கடந்து வந்தவன் தன் தேவையைத் தன் பாஷையில், தன் ஊர்ப் பெயர்களால் கேட்பான். உள்ளூர் வர்த்தகனோ அதே சரக்கை வேறு பெயரால் அறிவான். இருவருக்கும் நடுவில் நின்று, இவன் கேட்பதும் அவன் வைத்திருப்பதும் ஒன்றே என்று காட்டி, அந்தப் பேச்சுக்குத் தன் நாணயத்தை ஈடாக வைப்பதே துபாஷியின் முழு வேலை. இணைய விளம்பரம் என்று இன்று பற்பல பெயர்களால் வழங்கும் வித்தைகள் அனைத்தும் கடைசியில் இந்த வேலைக்குள் அடங்கிவிடுகின்றன என்பது என் உறுதியான அபிப்பிராயம். வித்தியாசம் ஒன்றே: இக்காலத்துக் கடைக்காரர் தம் சரக்குக்குத் தாமே துபாஷியாக இருக்கலாம்; கையிலுள்ள தொலைபேசி அதற்குப் போதும்.

பெயரிலிருந்து தொடங்குவோம், ஏனெனில், தேடுகிறவன் கையில் முதலில் இருப்பது பெயர் ஒன்றுதான். இந்த ஊருக்கே எத்தனை பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அரசாங்கக் கடிதத்தில் புதுச்சேரி. நம் வீட்டுப் பேச்சில் புதுவை, பாண்டி. 2006-இல் பெயர் மாறும் வரையில் சட்டத்திலும், இன்றும் வெளியூரார் நாவிலும் பாண்டிச்சேரி. அதையே ஆங்கிலத்தில் எழுதுவோர் இறுதியில் ‘ஆர்’ என்னும் எழுத்தை இரண்டு முறை இடுவர். பிரெஞ்சில் எழுதுவோர் ஒரு முறையே இடுவர். சந்தைக்கும் அவ்வாறே. முதல் முதலமைச்சராக 1963-இல் பதவியேற்ற எதுவார் குபேரின் பெயரால் அது குபேர் அங்காடி. சுற்றுலாப் புத்தகங்களும் தேசப்படங்களும் அப்பெயரையே சொல்லும். ஆனால் ரிக்‌ஷாக்காரரிடமோ பஸ் நடத்துநரிடமோ பெரிய மார்க்கெட் என்றால்தான் காரியம் ஆகும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சனிக்கிழமை வந்திறங்கி, தங்குமிடத்தில் உட்கார்ந்தபடி தொலைபேசியில் தேடுகிற ஒருவர் இவற்றில் எந்தப் பெயரை இடுவார் என்று எவரால் சொல்ல முடியும்? ஆகையால் கடையைப் பற்றி எழுதும் குறிப்பில் இவை எல்லாம் இயல்பாக இடம்பெறும்படி, “புதுச்சேரி குபேர் அங்காடியில், ஊரார் பெரிய மார்க்கெட் என்று அழைக்கும் இடத்தில்” என்ற ரீதியில் ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அந்தக் குறிப்பை எழுதுவதற்குரிய முதல் இடம் கூகிள் வரைபடத்தில் கடைக்கென்று கிடைக்கும் பக்கம். 2014-இல் வேறு பெயரில் தொடங்கி, 2021 முதல் கூகிள் பிசினஸ் புரொஃபைல் என்று வழங்கும் இந்த வசதிக்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கொடுத்து விளம்பரம் செய்யும் யோசனை உள்ளவர்கூட இதை முடிக்காமல் ஒரு காசும் செலவழிக்கலாகாது. இதில் கடையின் பெயர் என்ற கட்டத்தில் பெயர்ப்பலகையில் உள்ளதை மட்டுமே எழுத வேண்டும். ‘புதுவையின் தலைசிறந்த மசாலா கடை’ என்பது போன்ற அடைமொழிகளைப் பெயரோடு சேர்ப்பது அந்நிறுவனத்தின் விதிக்கு விரோதம். பக்கமே நிறுத்தப்படும் அபாயம் உண்டு. கடை மெய்யாகவே இருக்கிறது என்பதை மெய்ப்பிக்கப் பெரும்பாலும் ஒரு வீடியோ கேட்பார்கள். வீதியின் பெயர்ப்பலகை, கடையின் முகப்பு, பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கும் கை, உள்ளே அடுக்கிய சரக்கு ஆகியவற்றை இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுத்து அனுப்பினால், சந்தைக்குள்ளே தெளிவான கதவு எண் இல்லாத சிறு கடைக்காரருக்கும் இந்தக் காரியம் கைகூடும்.

வரைபடத்தில் குத்தும் புள்ளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பாத்திரம் வாங்கப் புறப்பட்ட நான், ஒரு கடை தன் பக்கத்தில் குறித்திருந்த புள்ளியை நம்பி பாரதி வீதிப் பக்கமாக நுழைந்து, கருவாட்டு வரிசையையும் காய்கறி வரிசையையும் கடந்து, சந்துகளுக்குள் அரை மணி நேரம் அலைந்தபின், கடை காந்தி வீதியைப் பார்த்த வரிசையில் இருக்கிறதென்று ஒரு வெற்றிலைக்காரர் சொல்லத் தெரிந்துகொண்டேன். போய்ச் சேர்ந்தபோது மதிய உணவுக்காகக் கடையை அடைத்திருந்தார்கள். இப்பெரிய சந்தையில் ஐம்பது அடி தவறினால் வாடிக்கையாளர் வேறொரு கடைக்குரியவர் ஆகிவிடுகிறார். புள்ளியைக் கடைக்காரர் தம் கல்லாவில் உட்கார்ந்தபடியே, படத்தைப் பெரிதாக்கி, தம் கூரையின்மேல் சரியாக வைக்க வேண்டும். எந்த வாயிலால் வந்து எந்த வரிசையில் திரும்ப வேண்டும் என்பதைக் குறிப்பில் எழுதி, வாயிலிலிருந்து கடைவரை நடந்து எடுத்த மூன்று நான்கு புகைப்படங்களையும் சேர்க்க வேண்டும். திறந்திருக்கும் நேரத்தை மெய்யாகவே எழுத வேண்டும். மதியம் இரண்டு மணி நேரம் அடைக்கும் பழக்கம் உண்டென்றால் அதையும் எழுதலாம். அதில் லஜ்ஜைப்பட ஏதுமில்லை. ஞாயிறன்று காந்தி வீதி முழுதும் நடைபாதைச் சந்தையாகி வண்டி நுழையாது என்பது ஊராருக்குத் தெரியும். வெளியூராருக்கு அதைச் சொல்லிவைப்பது உபகாரம்.

இனி, துபாஷித் தொழிலின் உயிர்நிலைக்கு வருகிறேன். அதற்கு வடவத்தைவிடப் பொருத்தமான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. சித்திரை வைகாசி வெயிலில், சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலெல்லாம் மொட்டைமாடியில் காயவைத்து, இரவில் எடுத்து மூடி, மறுநாள் மறுபடி உருட்டிக் காயவைத்து, நாட்கணக்கில் பதம் பார்த்து ஜாடியில் நிரப்பும் அந்த உருண்டையில் ஒரு சிட்டிகை கிள்ளி எண்ணெயில் போட்டால், மீன் குழம்பு கொதிக்கிற வீடு எதுவென்று தெருக்கோடியிலேயே தெரிந்துவிடும். இது நம்மவரின் சாதாரணச் சரக்கு. ஆனால் இதே வடவம் பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர்கள் நாவில் ஏறி, வாதுவான் என்று உருமாறி, காரம் குறைந்த பொடியாகிக் கப்பலேறி, இன்று பாரிஸிலும் நியூயார்க்கிலும் பெயர்பெற்ற சமையற்காரர்களின் அடுக்களைகளில் அருமையான வாசனைப் பண்டமாக மதிக்கப்படுகிறது. பலர் அதைப் பிரெஞ்சுக்காரரின் கறிப்பொடி என்றே எண்ணுகின்றனர். அந்தப் பொடியின் தாய்வீட்டைக் காண விரும்பிப் புதுச்சேரிக்கு வந்திறங்கும் ஒரு பிரெஞ்சு யாத்திரிகர் தம் தொலைபேசியில் வாதுவான் என்றே தேடுவார். அவர் இறங்கியிருக்கும் விடுதிக்கு அரை மைல் தூரத்தில் உருண்டை உருண்டையாக வடவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடை, வடவம் என்று பலகையில் மட்டும் எழுதியிருந்தால், அவர் கண்ணுக்கு அது இல்லாத கடை.

தமிழருக்குள்ளேயும் இதே சங்கடம் உண்டு. புதுவையிலும் தென்னாற்காட்டுப் பக்கங்களிலும் வடவம் என்பதைப் பிற மாவட்டத்தார் தாளிப்பு வடகம் என்பர். வெறுமனே வடகம் என்று தேடினால், எண்ணெயில் பொரிக்கும் அரிசிக்கூழ் வடகங்களும் வற்றல்களும் வந்து நிற்கும். ஆகவே இந்தச் சரக்கை விற்பவர், தம் பக்கத்திலும் படங்களுக்கு அடியிலும் வடவம், தாளிப்பு வடகம், வெங்காய வடகம் என்று தமிழில் வழங்கும் பெயர்களையும், ஆங்கில எழுத்தில் நம் பிள்ளைகள் அவற்றை எழுதும் விதங்களையும், பிரெஞ்சுப் பெயரையும் பிரெஞ்சுக்காரர் எழுத்துக்கூட்டலிலேயே—‘ஊ’ என்ற ஒலிக்கு ஓ, யு என்னும் இரண்டு எழுத்துகளை இடுவது அவர்கள் முறை—எழுதிவைக்க வேண்டும். அத்தோடு அமையாமல், இது என்ன, எதில் எவ்வளவு போடுவது, எத்தனை மாதம் கெடாது என்று நான்கு வாக்கியம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதுவது விசேஷ பலன் தரும். பிரெஞ்சுக்கு இயந்திர மொழிபெயர்ப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்று வேண்டுகிறேன். உளுந்தையும் வெந்தயத்தையும் அது என்னவாக மாற்றும் என்று நிச்சயம் சொல்ல முடியாது. ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். 1889 முதல் அல்லியான்ஸ் பிரான்சேஸ் நடைபெற்றுவரும் ஊரில், பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோரின் வழிவந்த சொல்தா குடும்பங்கள் தெருவுக்குத் தெரு வாழும் ஊரில், நான்கு வாக்கியத்தைப் பார்த்துத் திருத்தித் தர ஒருவர் கிடைக்காமல் போகமாட்டார்.

அந்தச் சொல்தா குடும்பங்களே இன்னொரு வாயிலையும் காட்டுகின்றன. பிரான்சிலும் ரெயூனியனிலும் குடியேறிய நம்மவர் வீடுகளுக்கு, விடுமுறைக்கு வந்து திரும்புவோர் பெட்டியில் வடவம் போவது இன்று நேற்றுத் தொடங்கிய வழக்கம் அன்று. அவர்களுக்கு விளம்பரம் வேண்டியதில்லை. ஊருக்கு வரும் மாதத்தில் சரக்கு இருக்கிறதா என்ற செய்தி ஒன்றே போதும். தபாலில் வெளிநாட்டுக்கு வியாபாரமாக அனுப்ப விரும்புவோர், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், ஏற்றுமதிக் குறியீட்டு எண், போய்ச்சேரும் தேசத்தின் உணவு விதிகள் ஆகிய மூன்றையும் முதலில் தெரிந்துகொண்டு, பிறகே இணையத்தில் ‘உலகெங்கும் அனுப்புவோம்’ என்று எழுத வேண்டும். உள்நாட்டு விற்பனைக்கும் அடைத்த பொட்டலத்தில் பதிவு எண், அடைத்த தேதி, எடை, விலை இவை இல்லாமல் படம் எடுத்துப் போடுவது, குற்றத்துக்குச் சாட்சியைத் தாமே எழுதிக் கொடுப்பதாகும்.

படமும் வீடியோவும் எடுப்பதற்குப் பெரிய சாமான்கள் அவசியமில்லை. மொட்டைமாடியில் உருண்டை காய்கிற பத்து நாளும், தினம் ஒரு அரை நிமிஷ வீடியோவாக எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவந்தால், பத்தாம் நாள் ஜாடி நிரம்புவதற்குள் அதை வாங்கக் காத்திருப்போர் உண்டாவர்; ஒரு பண்டம் உருவாவதைக் கண்ணால் கண்டவருக்கு அதன் விலையைப் பற்றிய சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. குறும்படங்களாகிய ரீல்ஸ் 2020-இல் நம் தேசத்துக்கு வந்தது முதல், பின்தொடர்வோர் அதிகம் இல்லாத சிறு கடையின் படமும் அறியாதவர் கண்ணில் படுவதற்கு வழி ஏற்பட்டிருக்கிறது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்ப்பதைவிட, வெங்காயம் இடிபடும் ஒலியும், பாட்டி “இன்னும் ரெண்டு வெயில் வேணும்டா” என்று சொல்லும் குரலும் நூறு மடங்கு மேலானவை. வியாபாரக் கணக்குகளுக்குச் சில பாட்டுகளை உபயோகிக்க உரிமை கிடையாது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்புக்கு ஏற்ற வியாபாரம் பூ. கடைகளுக்கென்று தனியாக 2018-இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் சரக்குப் பட்டியலைப் படத்தோடும் விலையோடும் வைக்கலாம். வாடிக்கையாளரை வகைப்படுத்தி அடையாளச் சீட்டு ஒட்டலாம். ஒரே செய்தியை ஒரு பட்டியலில் 256 பேர் வரையில் சேர்த்து அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே அந்தப் பொதுச்செய்தி போய்ச்சேரும் என்பது பலருக்குத் தெரியாத நுட்பம். ஆகவே வாடிக்கையாளரிடம் எண்ணை வாங்குவதோடு, “நம்ம நம்பரையும் பேர் போட்டு வச்சுக்குங்கம்மா” என்று சொல்லுவது அவசியம். பூவின் விலை நாளுக்கு நாள் மாறும். முகூர்த்த நாளுக்கு முதல்நாள் மல்லிகை எந்த விலைக்குப் போகும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் பட்டியலில் மல்லிகைக்கு விலை எழுதிவைப்பதைவிட, காலையில் சரக்கு இறங்கியதும் அன்றைய விலையை அனுப்புவதும், பத்து நாள் முன்னரே முன்பணம் கொடுத்துச் சொல்லிவைப்போருக்கு மாலையை இன்ன விலைக்குக் கட்டித் தருவதாக எழுத்தில் உறுதி கொடுப்பதும் உசிதம். எப்போது அனுப்புவது, எத்தனை முறை அனுப்புவது என்பதில் கட்டுப்பாடு வேண்டும். நம் வீட்டில் கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆன பின்னும் வாரந்தோறும் மாலைப் படம் வந்துகொண்டிருந்தால் எவருக்கும் சலிப்பு ஏற்படும். சம்மதம் பெறாத எண்களுக்குச் செய்தி அனுப்புவதும், எண்களை மொத்தமாக விலைக்கு வாங்குவதும் மரியாதைக் குறைவு. தனிமனிதர் தரவைக் காக்க 2023-இல் இயற்றப்பட்ட சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாகக் கேட்கிறது.

மீனும் அன்றாடக் காய்கறியும் விற்பவர்களுக்கு இவ்வளவு பிரயத்தனம் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். அவர்களுடைய வாடிக்கை நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது. வரைபடத்தில் சரியான புள்ளியும், ‘இன்று வஞ்சிரம் வந்திருக்கிறது’ என்று முப்பது வீடுகளுக்குப் போகும் ஒரு செய்தியும் இருந்தால் நிறைவு.

வாடிக்கையாளர் எழுதும் அபிப்பிராயங்களைப் பற்றி எனக்குள்ள கவலையை மறைக்க மாட்டேன். ஐம்பது ரூபாய் தள்ளுபடி தருகிறோம், ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்பதும், ஆளை வைத்துப் புகழ்ச்சி எழுதச் செய்வதும் பல ஊர்களில் சாதாரணமாகிவிட்டன. அபிப்பிராயத்துக்குச் சன்மானம் கொடுப்பதைக் கூகிள் தடுத்திருக்கிறது. போலி அபிப்பிராயங்களைத் தடுக்கும் நோக்கத்தோடு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்னும் தரநிர்ணயத்தையும் வெளியிட்டிருக்கிறது. எனினும் விதியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. துபாஷி தன் சொல்லை ஈடாக வைத்தவன் என்றேன். விலைக்கு வாங்கிய சொல்லை ஈடாக வைக்க முடியாது. பில் கொடுக்கும்போது, “பிடிச்சிருந்தா நெட்டுல ரெண்டு வரி எழுதுங்கண்ணா” என்று கேட்பதில் பிழையில்லை. யு.பி.ஐ. அட்டைக்குப் பக்கத்திலேயே அபிப்பிராயப் பக்கத்தின் சதுரக் குறியீட்டையும் ஒட்டிவைக்கலாம். குறை எழுதியவருக்கு இரண்டு நாளுக்குள், பெயர் சொல்லி அழைத்து, நடந்ததை ஒப்புக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று எழுத வேண்டும். அந்தப் பதிலை அவரைவிட, அடுத்து வரவிருக்கும் நூறு பேர் உன்னிப்பாகப் படிப்பார்கள்.

பணம் கட்டிச் செய்யும் விளம்பரத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். வரிசையிலும் அதற்கு இதுவே இடம். செய்ய நேர்ந்தால், ஊர் முழுதும் தேசம் முழுதும் என்று பரப்பாமல், வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரையில், கடற்கரைச் சாலையை மையமாக்கிச் சில கிலோமீட்டர் சுற்றளவில் இருப்போருக்கு மட்டும் காட்டும்படி அமைத்து, ஒரு நாளுக்கு இவ்வளவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று வரம்பும் இட்டு, நான்கு வாரம் பார்க்கலாம். பின்தொடர்வோரைப் பத்தாயிரமாக்கித் தருகிறோம் என்று வருபவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். அந்தப் பத்தாயிரத்தில் ஒருவரும் வடவம் கிள்ளிப் போட்டுக் குழம்பு வைக்கப்போவதில்லை.

எது பலித்தது என்பதை அறிய, கணினியில் வரும் எண்ணிக்கைகளோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். புதிதாக வருகிறவரிடம், “எப்படிம்மா நம்ம கடை தெரிஞ்சுது?” என்று கேட்டு, தேதி, ஊர், வழி, வாங்கியது என்ற நான்கு பத்தியில் எழுதிவர வேண்டும். அடுத்த வீதியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை இருபத்தைந்து ஆண்டுகள் தினசரி எழுதினார். நமக்கு ஓர் ஆண்டுக் குறிப்பே போதும். கோடையில் வந்தவர் எந்த ஊரார், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார், வாதுவான் என்றாரா, வடகம் என்றாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்த ஆண்டு எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்பதையும், எத்தனை ஜாடி போடுவது என்பதையும் அதைப் பார்த்தே தீர்மானிக்கலாம். ஐப்பசி அடைமழைக்குள் ஜாடி காலியாகிவிட்டால், வாட்ஸ்அப் பட்டியலிலும் வரைபடப் பக்கத்திலும் அன்றைக்கே சரக்கு இல்லை என்று மாற்றிவிட்டு, அதற்குப் பின்னும் கேட்டு எழுதுகிறவரின் சம்மதத்தோடு அவர் பெயரையும் எண்ணையும், ‘சித்திரைக்கு’ என்று தலைப்பிட்ட தனிப் பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு வரவேண்டும்.